பூட்டிக் கிடந்த வீட்டு ஏசி: "காஸ் முடிஞ்சுது" எண்டால் உடன நம்பலாமோ?

வணக்கம். இண்டைக்கு முதல் கேள்வி வெள்ளவத்தையில இருந்து. கனடாவில இருந்து வந்து நிக்கிற ஒரு அக்கா அனுப்பியிருக்கிறா. மரைன் டிரைவ் பக்கம் பிளாட், ரெண்டு வருஷமாப் பூட்டிக் கிடந்ததாம். வந்து ஏசியைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகுது. வாஷிங் மெஷின் முனகுது, தண்ணி இறங்குதில்லை. பாக்க வந்தவர், "கன நாள் போடாமல் விட்டதால காஸ் முடிஞ்சுது, அடிக்கோணும்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாராம். அடிக்கலாமோ எண்டு கேக்கிறா.

இப்ப அடிக்காதேங்கோ அக்கா. ஏசி காஸ் ஓடினாலும் குறையாது, சும்மா கிடந்தாலும் குறையாது. செப்புக் குழாய்க்குள்ள மூடி வச்ச சாமான் அது. குறைஞ்சிருந்தால் எங்கயோ லீக் இருக்கு எண்டுதான் அர்த்தம். லீக்கைப் பாக்காமல் அடிச்சால் உங்கட காசும் அதோட சேர்ந்து கடற்காத்தில போயிடும். அதை விட, காஸ் இல்லாட்டி ரூம் குளிராது, அவ்வளவுதான். அதுக்காக ட்ரிப் சுவிட்ச் விழாது. அவர் சொன்ன வருத்தத்துக்கும் உங்கட ஏசி காட்டுற குணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதல்ல, விழுகிறது எது எண்டு பாருங்கோ. போர்டில ட்ரிப் சுவிட்ச் எண்டு ஒண்டு இருக்கும், பக்கத்தில சின்னச் சின்ன பிரேக்கர்கள் இருக்கும். சின்ன பிரேக்கர் விழுந்தால் ஷோர்ட், இல்லாட்டி லோட் கூட. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசியுது. வீட்டு ட்ரிப் சுவிட்சுகள் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர். அவ்வளவு கசிஞ்சாலே விழுந்திடும். திருப்பித் திருப்பித் தூக்கிப் பாக்காதேங்கோ, அது உங்களைக் காப்பாத்தத்தான் விழுகுது.

கசிவு எங்க? கடற்கரை வீட்டில நான் முதல்ல சந்தேகப்படுறது வெளி யூனிட். மெயினை நிப்பாட்டிப்போட்டு வயர் பூட்டின இடத்து மூடியைக் கழட்டினால், உப்புப் படிஞ்சு பச்சை பிடிச்ச ஸ்க்ரூ, எறும்புக் கூடு, பல்லி எச்சம், சில நேரம் பல்லியே இருக்கும். உள் யூனிட்டில இருந்து வாற வயரை அதில கழட்டி விட்டுட்டுப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. ட்ரிப் விழாட்டிக் கோளாறு வெளியிலதான். துப்பரவாக்கி, நல்லாக் காய விட்டு, பிறகு காஸை அமுக்கிற கம்ப்ரசரை மெகர் போட்டுப் பாக்கோணும். மெகர் எண்டது கரண்ட் கசியாமல் எவ்வளவு தடுக்குது எண்டு மெகா ஓம் கணக்கில அளக்கிற மீட்டர். ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினால் ஓட விடக் கூடாது. எலக்ட்ரோனிக் போர்டைக் கழட்டாமல் மெகர் போட்டால் போர்டே போயிடும், அதையும் சொல்லி வையுங்கோ. இதெல்லாம் எலக்ட்ரீஷியன்ர வேலை, நீங்கள் மூடியைக் கழட்ட வேண்டாம். மெயினை நிப்பாட்டினாலும், கரண்டைச் சேத்து வைக்கிற கப்பாசிட்டர் எண்ட சாமானுக்குள்ள கரண்ட் நிக்கும், தொட்டால் அடிக்கும்.

வெளி யூனிட்டுக்குப் பின்னால இருக்கிற அலுமினியத் தகட்டையும் பாருங்கோ, அதைக் கண்ணால பாத்தாலே காணும். வெள்ளைப் பொடி பூத்து, அப்பளம் மாதிரி நொருங்குது எண்டால் அந்த யூனிட்டுக்குச் செலவழிக்கிறதில பெரிசாப் பிரயோசனம் இல்லை.

சரி, காஸ் உண்மையிலயே இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? நட் பூட்டின மூட்டுகளில எண்ணெய்க் கறை இருக்கோ எண்டு பாக்கலாம். காஸ் கசிஞ்சால் அதோட எண்ணெயும் வரும். பிறகு ஏசி ஓடாமல் நிக்கேக்க, காஸ் அமுக்கத்தை அளக்கிற கேஜ் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. வெளியில 30 டிகிரி எண்டால், ஆர் 22 எண்ட காஸ் போட்ட பழைய ஏசியில கிட்டத்தட்ட 160 பிஎஸ்ஐ (அமுக்கத்தின்ர அளவு) காட்டும். ஆர் 410ஏ, ஆர் 32 காஸ் எண்டால் 260 அளவில நிக்கும். பூச்சியத்தில நிண்டால் அவர் சொன்னது சரி, லீக்கைத் தேடோணும். அந்த அளவு காட்டினால் உள்ளுக்குக் காஸ் இருக்கு. முழுக்க இருக்கோ எண்டதை ஓட விட்டுத்தான் சொல்லலாம்.

வாஷிங் மெஷினுக்கு இவ்வளவு கதை தேவையில்லை. பிரண்ட் லோட் எண்டால் கீழ் மூலையில சின்ன மூடி இருக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டு, தட்டு ஒண்டை வச்சு, பில்டரைத் திருகி எடுங்கோ. உள்ள பம்ப்பின்ர சின்ன விசிறி தெரியும். மிஞ்சின தண்ணி காய்ஞ்சு, சோப் கட்டி பிடிச்சு, அது இறுகிப் போயிருக்கும். விரலால மெதுவாச் சுத்துங்கோ. தத்தித் தத்திச் சுத்தினால் பயப்படாதேங்கோ, உள்ளுக்குக் காந்தம் இருக்கு, அப்பிடித்தான் சுத்தும். டிரம்மையும் கையால ஒருக்காச் சுத்திப் பாருங்கோ, கரகரத்தால் பேரிங். தண்ணி ஹோஸைப் பூட்ட முதல் பைப்பைத் திறந்து ஒரு வாளி தண்ணியை வெளியில விடுங்கோ, இல்லாட்டிக் குழாய்க்குள்ள இருந்த கறள் எல்லாம் மெஷின் வாய் வலையில அடைக்கும். முதல் தரம் உடுப்பில்லாமல் சுடுதண்ணியில ஓட விடுங்கோ.

திரும்பிப் போகேக்க மெஷின் கதவைத் திறந்தபடி விட்டுட்டுப் போங்கோ. திறப்பு வச்சிருக்கிற ஆளிட்ட, மாசத்தில ஒருக்கா வந்து ஏசியை அரை மணித்தியாலம் ஓட விடச் சொல்லுங்கோ. பாத்ரூம் தரையில தண்ணி இறங்கிற கிடங்குகளுக்கும் ஒரு செம்பு தண்ணி ஊத்தச் சொல்லுங்கோ, அது வத்தினால்தான் கரப்பான் மேல ஏறுது.