சீட்டுக்குள் இறங்கிய கடல்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் வண்டிகளுக்குக் குஷன் வேலை பார்க்கிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் அதன் உள்பக்கத்தை எப்படிச் சரிப்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். நம் கடற்கரைக்கு எது பொருந்துமோ அதை மட்டும் சொல்கிறேன்.

போன பங்குனியில் என் மச்சான் ஒரு கார் வாங்கினார். ராமேஸ்வரத்தில் டாக்ஸியாக ஓடிய வண்டி. விற்றவர் உள்ளே சென்ட் அடித்து, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு, புது சீட் கவரும் மாட்டிக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் கழித்து மச்சான் கடைக்கு வந்தார். "மாப்ள, பின் சீட்டு காயவே மாட்டேங்குது. மழையும் இல்ல, நான் தண்ணியும் ஊத்தல" என்றார். கவரைக் கழற்றிக் கையை வைத்து அழுத்தினேன். பிசுபிசுவென்று ஒட்டியது. உப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

2017இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை திறந்த பிறகு, தனுஷ்கோடிக்கு எல்லா வண்டியும் போகிறது. வருகிறவர்கள் கடலில் நனைந்துவிட்டு அதே ஈர உடுப்போடு ஏறி உட்காருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் வந்து கடலில் இறங்காமல் யார் போவார்கள்? ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காற்றோடு போய்விடும். உப்பு ஃபோமுக்குள்ளேயே தங்கிவிடும்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே இளகும். மச்சானின் சீட்டுக்குள் நடந்ததும் இதுதான். பகலில் காய்ந்தது போலத் தெரியும், இராத்திரி காற்றில் மறுபடி நனையும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சீட்டுக்கு அடியில் உள்ள ரெயில் துருப்பிடிக்கும், கார்பெட்டுக்குக் கீழே தகடு அரிக்கும். அதனால்தான் சென்ட் அடிப்பதை நான் வேண்டாம் என்கிறேன். சென்ட் போட்டால் வாடை மறையும், அரிப்பு நிற்காது.

சரி, எப்படி எடுப்பது? முதலில் சீட்டைக் கழற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறப் பிளக் இருந்தால் அது ஏர்பேக் வயர். அந்த வண்டியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சீட்டு வெளியே வந்ததும் தண்ணீரைத் தொடக் கூடாது. முதலில் மணல் போக வேண்டும். மணல் இருக்கும்போது ஈரத் துணியால் தேய்த்தால், உப்புத்தாள் வைத்து ரெக்சினைத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் தட்டுங்கள். கார்பெட்டையும் பின்பக்கமாகத் தட்டுங்கள். மச்சான் வண்டியில் ஒரு முறம் மணல் விழுந்தது. மிச்சத்தை வேக்குவம் வைத்து இழுத்தோம்.

அப்புறம் நல்ல தண்ணீர். நம் பக்கத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதை வைத்துக் கழுவினால் எடுத்த உப்பு திரும்பவும் உள்ளே போகும். குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கிற ஊரில் இதைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஊற்ற வேண்டியதில்லை, ஒரு சீட்டுக்குப் பாதிக் குடம் போதும். கொஞ்சமாகத் தெளியுங்கள், கெட்டியான பருத்தித் துணியை மடித்து அழுத்தி ஒற்றி எடுங்கள், வேறு வாளியில் பிழியுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் உப்பு இன்னும் ஆழமாக இறங்கும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டையும், பக்கத்தில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டையும் எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். இரண்டும் காய்ந்த பிறகு பாருங்கள். முதல் சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை கூடுதலாகப் பூத்திருந்தால் இன்னும் உப்பு இருக்கிறது.

காய வைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ரெக்சின் சீட்டை உச்சி வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற நாளிலும் வேண்டாம். மாசி, பங்குனிதான் நல்ல நேரம்.

சீட்டு காய்வதற்குள் வண்டியின் தரைத் தகட்டைப் பாருங்கள். துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் கொடுங்கள். ரூஃப் லைனிங்கை மட்டும் நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். டேஷ்போர்டில் மச்சானுக்குக் கிடைத்த பளபளப்பையும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து எடுத்தேன். பாம்பன் பாலத்தில் போகும்போது அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில் வெளிச்சமாக அடிக்கும், ரோடு தெரியாது.

கருவாடு, மீன் ஏற்றிய வண்டிக்கு வேறு வைத்தியம். மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ போடுகிறோம் இல்லையா? மீன் வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மற்ற இடத்திலும் செய்யலாம். பிறகு ஒரு வாரம், இராத்திரியில் பற்ற வைக்காத கருவேலங்கரி ஒரு சட்டியை வண்டிக்குள் வைத்து மூடுங்கள். கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

மச்சானின் பின் சீட்டுக்கு நான்கு முறை ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது முறை தட்டில் இரண்டு சொட்டும் ஒரே மாதிரி காய்ந்தன. மூன்று நாள் திண்ணை நிழலில் கிடந்த பிறகுதான் சீட்டை ஏற்றினோம். இப்போது வண்டியில் பெரிய துண்டு இரண்டு வைத்திருக்கிறார், தனுஷ்கோடியில் நனைந்து வருகிறவர்களுக்கு உட்காருவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். நன்றி, வணக்கம்.