தாங்கியதா, தாக்கியதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் நிதித் திட்டம் இளம் அமெரிக்காவின் எளிய குடிகளைத் தாங்கியதா, தாக்கியதா?’ என்னும் தலைப்பில், தாக்கியதே என்று வாதிட வந்திருக்கிறேன். விடுதலைப் போர்க் கடனைப் பத்திரத்தில் எழுதிய தொகை (முகமதிப்பு) குறையாமல் ஏற்றதால்தான் ஐரோப்பியச் சந்தையில் அந்நாட்டின் மீதான நம்பிக்கை நிலைத்தது என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். அதை நான் மறுக்கவில்லை. யாருக்குக் கொடுத்தார்கள், யார் பணத்தில் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

விடுதலைப் போரில் நின்ற சிப்பாய்க்குச் சம்பளமாகக் கிடைத்தது பெரும்பாலும் காசல்ல, கடன் பத்திரம். அதைக் கொடுத்து மாவு வாங்க முடியாமல், டாலருக்கு 20 சென்ட்டுக்கும் கீழே தரகர்களிடம் விற்றவர்கள் பலர். 1790 ஜனவரியில், பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரிமை என்று ஹாமில்டனின் அறிக்கை கூறியது. செய்தி தெற்கே எட்டுமுன் பத்திரங்களை வாங்கிக் குவிப்பதற்காக, இரண்டு வாரத்துக்குள் மூன்று கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டுவிட்டன என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் நாட்டின் பிரதிநிதிகள் அவையிலேயே குமுறினார். வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலையைக் கொடுத்து, மீதியை முதலில் பெற்றவருக்குக் கொடுங்கள் என்று அதே அவையில் ஜேம்ஸ் மேடிசன் வைத்த யோசனைக்குக் கிடைத்தவை 13 வாக்குகள், எதிராக 36.

அந்தப் பத்திரங்களுக்கு வட்டி கொடுக்கப் பணம் வேண்டுமே! 1791-இல் விஸ்கி மீது வரி விழுந்தது. மதுவுக்குத்தானே வரி என்று எதிரணியினர் சிரிக்கலாம். பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் அது மது மட்டுமன்று, பண்டமாற்றுக்குக் கைக்காசும் அதுவே. அலெகேனி மலையைத் தாண்டும் பொதிகுதிரை 4 புஷல் (தானியம் அளக்கும் முகத்தலளவை) தானியம்தான் சுமக்கும். காய்ச்சிச் சிறு பீப்பாய்களில் ஏற்றினாலோ 24 புஷல் தானியத்தின் பயனைச் சுமக்கும். விஸ்கியின் விலை மேற்கே, கிழக்கில் விற்றதில் ஏறக்குறைய பாதிதான். வரியோ ஒரு காலன் அளவுக்கு இத்தனை சென்ட் என்று இரு பக்கமும் ஒரே கணக்கு, அதுவும் ரொக்கமாக. வழக்கு வந்தால் மலை கடந்து பிலடெல்பியாவில் போய் நிற்க வேண்டும். பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற சிப்பாயே, அதை வாங்கியவருக்கு வட்டி கொடுப்பதற்காகத் விஸ்கி காய்ச்சும் தன் அண்டாவுக்கு வரி கட்டினான் என்றால், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை வேறென்ன?

1794-இல் அந்த மேற்குப் பகுதி மக்கள் வரியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார். ஹாமில்டனும் உடன் சென்றார். அதே வாஷிங்டன் 1797-இல் மவுண்ட் வெர்னனில் சொந்தமாக வடிசாலை தொடங்கியதையும், 1799-இல் அங்கே சுமார் 11,000 காலன் விஸ்கி வடிந்ததையும் நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வரி இல்லாவிட்டால் நாடு திவாலாகியிருக்கும் என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். 1802-இல் தாமஸ் ஜெஃபர்சன் ஆட்சியில் அது நீக்கப்பட்டது. இடையில் 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கிய பிறகும், 1801-இல் சுமார் 8.3 கோடி டாலராக இருந்த நாட்டுக் கடன் 1809-இல் 5.7 கோடியாக இறங்கியது. சுங்க வரியும் சிக்கனமும் அதற்குப் போதுமாக இருந்தன. எதிரணித் தலைவர் முதலில் இந்தக் கணக்குக்கு விடை சொல்லட்டும்.