விரல் கணுவில் பதினாறு சுற்று

(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்: தமிழ் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

பிள்ளையின் பெருமை பேச வருகிறவர் குறளோடு தொடங்குவது மேடை வழக்கம். எனக்கு முன் பேசிய இருவருமே அதைச் செய்துவிட்டார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் மகளின் பள்ளியில் பேண்டு இசை நிகழ்ச்சி நடந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, கிளாரினெட் வாசிக்கிறாள். வாசிப்பதாக நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்.

அதில் அவர்மேல் குற்றமில்லை. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோதுதான் இவள் பழகத் தொடங்கினாள். தெருவில் தொலைக்காட்சி இல்லை, விசிறி இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் கழுத்தை நெரித்த வாத்துப் போல ஒரு சத்தம். உதடு கொஞ்சம் இறுகினாலும், விரல் ஒரு துளையைச் சரியாக மூடாவிட்டாலும் கிளாரினெட் கீச்சிடும். என் அம்மாவைத்தான் பிள்ளைகள் ஆயா என்கிறார்கள். கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். பேத்தி அந்தச் சிறு நாணல் தகட்டை வாயில் வைத்து ஈரமாக்குவதைப் பார்த்துவிட்டு, "இது சீவாளிதானே?" என்றார். ஏறக்குறைய அதேதான். சீவாளியில் இரண்டு இதழ் ஒன்றோடொன்று அதிரும். கிளாரினெட்டில் ஓர் இதழ்தான். வெள்ளைக்காரன் வாத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள், அதாவது இன்றைய பரதநாட்டியத்தின் பழைய மேடைக்குள், வந்துவிட்டது. திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியே செய்தவர்.

நிகழ்ச்சி தேசிய கீதத்தோடு தொடங்கியது. நாம் எழுந்து நின்று பாடிப் பழகிவிட்டோம். அது வாசிக்கிற பிள்ளைகளை எப்படி வாட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ஜி மேஜரில் தொடங்குகிற பாட்டு, ஆஃப்ரிகான்ஸ் வரிகள் வரும்போது டி மேஜருக்குத் தாவிவிடுகிறது. திரும்பி வருவதில்லை. சுருதி ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிகிறது. இரண்டு பழைய பாடல்களை 1997-இல் ஒன்றாகத் தைத்ததால் வந்த வேலை. அதில் ஐந்து மொழி இருக்கிறது, தமிழ் இல்லை; அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்தது வேறு. அதன் முதல் பாதிக்கு 1897-இல் மெட்டமைத்த ஈனாக் சொன்டோங்கா, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர். அவருடைய மாணவர்கள்தான் அதைப் பாடித் திரிந்தார்கள். பள்ளி நிகழ்ச்சிதானே என்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன். நானும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது பாட்டில் கிளாரினெட்டுகளுக்குப் பதினாறு சுற்று வேலையே இல்லை. 'பார்' என்பார்களே, நம் ஆவர்த்தனம் போல, அதில் பதினாறு. டிரம்பெட்காரர்கள் முழங்குகிறார்கள். என் மகள் வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது; இதற்கா அரை நாள் விடுப்பு எடுத்தேன்? பிறகு அவளுடைய இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலில் தொடங்கி, கணுவுக்கு ஒரு சுற்று. கோயிலில் பஜனை நடக்கும்போது ஆயாவின் கை அப்படித்தான் போகும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆயாவின் மடியில் தூங்கிய காலத்தில் பார்த்திருப்பாள். வாய்க்குள் எண்ணியது ஆங்கிலத்தில்தான், பொய் சொல்ல மாட்டேன்.

பதினைந்தாம் சுற்றிலேயே பக்கத்துப் பையன் ஊதிவிட்டான். பாவம், காது சிவந்துபோனது. கூட்டத்தில் சிரிப்பு. இவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் இன்னும் ஒரு கணு நகர்ந்தது. பிறகுதான் வாத்தியம் வாய்க்குப் போனது. நான்கு ஸ்வரம். அதில் மூன்றாவது கீச்சிட்டது. என் கண்ணில் நீர் வந்தது அப்போதுதான். ஸ்வரத்துக்காக அல்ல, அந்த ஒரு கணுவுக்காக. பக்கத்தில் இருந்தவர் என் பிள்ளை தப்பாக வாசித்ததற்கு நான் அழுவதாக நினைத்து, "பரவாயில்லை அண்ணே, சின்னப் பிள்ளைதானே" என்று தேற்றினார்.

காரில் வரும்போது, "நான் வாசித்தது கேட்டதா அப்பா?" என்றாள். ஆறு கிளாரினெட்டில் எது அவளுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கீச்சைத் தவிர. கேட்டது என்றேன்.

வீடியோ எடுத்தேன். முன்வரிசைக்காரரின் வழுக்கைதான் அதில் முழுக்கத் தெரிகிறது, மகள் தெரியவில்லை. ஆயா தினமும் மாலையில் அதைப் போடச் சொல்கிறார். டிரம்பெட் தொடங்கியதும் அவருடைய கட்டைவிரல் சுண்டுவிரலுக்குப் போகிறது. பதினாறு எண்ணி முடித்ததும், "ம், இப்போது" என்கிறார்.