ஏ, பி எங்கே போயின?

வணக்கம் நேயர்களே. கணினியில் 'சி டிரைவ்' என்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ எங்கே, பி எங்கே? அவை ஃபிளாப்பி வட்டுகளுக்கு ஒதுக்கிய எழுத்துகள். ஃபிளாப்பி ஒழிந்தும் வன்தட்டு மூன்றாம் எழுத்தை விட்டு நகரவில்லை. மேசைக் கணினிகளில் இந்த எழுத்து வழக்கத்தைப் பரப்பியது சிபி/எம் என்ற இயங்குதளம்.

1974-இல் அதை எழுதியவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கடற்படைக் கல்லூரி ஆசிரியர், இன்டெலுக்கு ஆலோசகர். இன்டெல் 8080 சில்லுக்காக எழுதியதை இன்டெலே வேண்டாம் என்றது! மனைவி டாரதியுடன் பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் சொந்தமாக நிறுவனம் தொடங்கி, 70 டாலருக்கு விற்றார்.

இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், நிலையத்தார் பொறுக்க வேண்டும். அன்று கணினிக்குக் கணினி வட்டுக் கருவி வேறு, முனையம் (திரையும் விசைப்பலகையும்) வேறு. ஒவ்வொன்றுக்காகவும் நிரலைத் திருத்தித் திருத்திச் சலித்தார் கில்டால். இம்சாய் என்ற கணினி நிறுவனம் சிபி/எம் கேட்டு வந்த சமயத்தில், கருவிகளோடு நேரடியாகப் பேசும் வரிகளைத் தனித் துண்டாகப் பிரித்தார். அதுதான் பயாஸ். விறகடுப்போ கேஸ் அடுப்போ, சமையல்காரர் அதே சாம்பாரைத்தான் வைப்பார். அடுப்பு பற்றவைக்கும் எடுபிடி மட்டும் மாறுவார். அந்த எடுபிடிதான் பயாஸ். மீண்டும் சொல்கிறேன்: புதிதாகக் கணினி செய்பவர் அந்தத் துண்டை மட்டும் எழுதினால் போதும். வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற மென்பொருள்கள் பல நிறுவனக் கணினிகளில் ஓடியது இதனால்தான். (ஒரு கணினியில் பதிந்த வட்டை இன்னொன்று படிக்க மறுக்கும்; அது தனித் தொல்லை.) கில்டால் என்றதும் எல்லோரும் விமானக் கதைக்குத் தாவுகிறார்கள். எனக்கோ இந்தப் பிரிவினைதான் பெரிது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஆகவே விமானக் கதை வேகமாக. 1980-இல் தங்கள் புதிய மேசைக் கணினிக்கு இயங்குதளம் தேடி ஐபிஎம்காரர்கள் வந்தபோது கில்டால் தம் விமானத்தில் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். கதையில் சொல்வதுபோல் உல்லாசப் பறத்தல் அல்ல. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் டாரதி கையெழுத்திடவில்லை. ஐபிஎம் மைக்ரோசாஃப்டிடம் போனது. மைக்ரோசாஃப்ட் வாங்கிக் கொடுத்த இயங்குதளமான டாஸ், டிம் பேட்டர்சன் என்ற நிரலாளர் சிபி/எம்மின் அழைப்பு முறையை (மென்பொருள்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் முறையை) ஒட்டி எழுதியது. பிறகு ஐபிஎம் இரண்டையும் விற்றது: டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். நீங்கள் எதை வாங்கியிருப்பீர்கள்? வணக்கம்.