அஞ்சு வாரத்துல அடுத்த ரேஸ், கணுக்கால் பிசகியிருக்கு: சத்துவாச்சாரி அப்பாவோட சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேலூர் சத்துவாச்சாரியிலேருந்து ஒரு அப்பா அனுப்பியிருக்காரு. படிச்சிடறேன். "பொண்ணுக்கு 16 வயசு. சின்னதுலேருந்து ரோலர் ஸ்கேட்டிங், இப்ப ரெண்டு வருஷமா ஐஸ்ல ஷார்ட் டிராக் (சின்ன வட்டத்துல ஒண்ணா ஓடற ஸ்கேட்டிங் ரேஸ்). லடாக் லேல நடந்த போட்டியில 1000 மீட்டர்ல டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. மறுநாள் 500 மீட்டர்ல கடைசி வளைவுல விழுந்து கணுக்கால் பிசகிடுச்சு. அஞ்சு வாரத்துல அடுத்த போட்டி. வீட்டுக்கு வந்ததிலேருந்து சரியா பேசல, ஷூ பையையே திறக்கல. பிராக்டிஸை ரெண்டு மடங்கு ஆக்கலாமா, இல்ல இந்த சீசனை விட்டுடலாமா?"

சார், ரெண்டுமே வேணாம். நீங்க ஒரே அடியா "தோத்துட்டா"ன்னு பார்க்கறீங்க. நடந்தது மூணு தனித்தனி விஷயம். கணுக்கால் உடம்பு சமாச்சாரம். டிஸ்குவாலிஃபை விதி சமாச்சாரம். விழுந்ததுக்கு பிளேடு காரணமா இருக்கலாம், உட்காருற நிலை காரணமா இருக்கலாம், பக்கத்துல வந்த பொண்ணு இடிச்சதாவும் இருக்கலாம். மூணுக்கும் மருந்து வேற வேற. எல்லாத்துக்கும் "இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ்"னு ஒரே மருந்து கொடுத்தா கணுக்காலும் கெடும், மத்த ரெண்டும் சரியாகாது.

முதல்ல கணுக்கால். விழுந்தப்ப தலை, ரிங்க் ஓரத்துல இருக்கற மெத்தைப் பேடுல இடிச்சுதான்னு கேளுங்க. இடிச்சிருந்து, தலைவலி, வெளிச்சம் பார்த்தா கூசுறது, மறதி, தூக்கக் கலக்கம் ஏதாவது இருந்தா கணுக்கால் கதையை ஓரமா வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க. வாந்தி, தலைவலி கூடிக்கிட்டே போறதுன்னா அன்னைக்கே கேஷுவால்டி. தலையில அடிபட்ட பிள்ளை படிப்படியாத்தான் ஐஸுக்குத் திரும்பணும். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரம் ஆகும்.

தலையில ஒண்ணுமில்லன்னா, அடிபட்ட கால்ல தாங்கித் தாங்கியாவது நாலு அடி நடக்க முடியுதா பாருங்க. கணுக்கால் குமிழ் எலும்போட நுனியிலயும் பின்பக்க ஓரத்துலயும் விரலால அழுத்திப் பாருங்க. நடக்க முடியல, இல்ல எலும்பு மேலயே சுருக்குன்னு வலிக்குதுன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். நம்ம பக்கத்துல பிசகுன்னா உடனே புத்தூர் கட்டுதான் ஞாபகம் வரும். கட்டுறதும் கட்டாததும் உங்க இஷ்டம், ஆனா எக்ஸ்ரே பார்க்காம கட்டாதீங்க. வளர்ற வயசுல எலும்பு நுனியில இருக்கற வளர்ச்சித் தட்டுல விரிசல் விழுந்தா வெளியில பார்க்க வெறும் சுளுக்கு மாதிரியே இருக்கும். எண்ணெய் போட்டு உருவுறது முதல் மூணு நாளைக்கு வேணவே வேணாம். வீக்கம் கூடும்.

லேசான சுளுக்குன்னா ஒண்ணு ரெண்டு வாரம். தசைநார் பாதி கிழிஞ்சிருந்தா மூணுலேருந்து ஆறு வாரம். அதனால அஞ்சு வாரக் கணக்கை நாள்காட்டியில போடாதீங்க, கால்ல போடுங்க. ஒத்தக் கால்ல கண்ணை மூடி 30 விநாடி நிக்கணும். அதே கால்ல குதிகாலைத் தூக்கித் தூக்கி 25 தடவை இறக்கணும். ஒத்தக் கால்ல தாவினா நல்ல கால் தாவுற தூரத்துல பத்துல ஒன்பது பங்காவது வரணும். இந்த மூணும் வந்தப்புறம்தான் ஸ்கேட். வலி இல்லங்கறது மட்டும் அளவு இல்ல. வலி போயிடும், சமநிலை திரும்பியிருக்காது. மறுபடி பிசகறது பெரும்பாலும் அப்பதான்.

டிஸ்குவாலிஃபை விஷயம் சீக்கிரம் முடியும். ஷார்ட் டிராக்ல முன்னாடி போறவங்களுக்குத்தான் வழி உரிமை. முந்தறவங்கதான் மோதலுக்குப் பொறுப்பு, முன்னாடி போறவங்க வேணும்னே மறிக்காத வரைக்கும். ரோலர்ல வளர்ந்த பிள்ளைங்க வளைவு நடுவுல உள்பக்கமா நுழையற பழக்கத்தோட வருவாங்க. ஐஸ்ல ஒரு சுத்து 111 மீட்டர்தான், வளைவு ரொம்ப இறுக்கம், அங்க இடமே இருக்காது. வீடியோ இருந்தா பாப்பாவோட உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: முந்தறதை எங்க ஆரம்பிச்சா? வளைவுக்குள்ள போனப்புறம்னா அது தப்பு. நேர்ப்பாதையிலயே பக்கத்துல போயிருக்கணும். அந்த ஒரு வரியை நோட்டுல எழுதிட்டு வீடியோவை மூடிடுங்க. இருபது தடவை ஓட்டிப் பார்க்கறது பயிற்சி இல்ல, புண்ணைக் கிளறுறது.

விழுந்ததுக்குத்தான் கொஞ்சம் துப்பறியணும். எந்தக் கால் வழுக்குச்சு, எங்க வழுக்குச்சு? வலது கால் தள்ளி முடிக்கற நேரத்துல விளிம்பு பிடிக்காம சர்ருன்னு போயிருந்தா முதல் சந்தேகம் பிளேடு மேல. விரல் நகத்தை பிளேடு விளிம்புக்குக் குறுக்க லேசா இழுத்துப் பாருங்க. நகம் தூளா சீவி வரணும். வராத இடம் மழுங்கின இடம். லே மாதிரி குளிர்ல ஐஸ் கல்லு மாதிரி இறுகும், மழுங்கின விளிம்பை அது மன்னிக்கவே மன்னிக்காது. ரெண்டு பிளேடையும் ஜிக்ல (பிளேடை அசையாம பிடிக்கற சட்டம்) பூட்டி, பெரிய கல்லுல ஆரம்பிச்சு நைஸ் கல்லுல முடிச்சு, கடைசியில பக்கவாட்டுல நிக்கற பிசிறை எடுக்கணும். பிசிறு நின்னா கூரா இருக்கற மாதிரி விரல்ல தெரியும், ஓடினா பிடிக்காது. தெருவுல சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு கொடுத்துடாதீங்க. அந்தச் சக்கரத்துல பிளேடோட நீளவாட்டு வளைவு போயிடும். அப்புறம் புது பிளேடுதான்.

இன்னொண்ணு, ஷூ பையைத் திறக்கலன்னு சொன்னீங்களே. லேலேருந்து ஈரத்தோட வந்த பிளேடு நம்ம ஊர்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்தா துரு ஏறும். நீங்களே திறந்து துடைச்சிடாதீங்க. "துரு பிடிச்சிருக்கும், வா துடைக்கலாம்"னு பாப்பாவைக் கூப்பிடுங்க. விழுந்த பிள்ளை மறுபடி பிளேடைத் தொடறதுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது. துடைச்சிட்டு துணி உறை போடுங்க.

பிளேடு சரியா இருந்து, இடது கையும் தோளும் உள்பக்கம் சாஞ்சு இடுப்பு வெளிய தள்ளியிருந்தா அது நிலைக் கோளாறு. 500 மீட்டர்னா நாலரை சுத்து. கடைசி வளைவுல தொடை சோர்ந்து முட்டி நிமிரும், பாரம் குதிகாலுக்குப் போகும், விளிம்பு விட்டுப்போகும். இதுக்கு வேலூர்லயே வேலை பார்க்கலாம், ஐஸ் வேணாம். கால் அனுமதிச்சதும் ஸ்லைடு போர்டுல (பக்கவாட்டுல வழுக்கிப் பழகற வழவழப்புப் பலகை) 30 விநாடி தள்ளல், 30 விநாடி ஓய்வு, எட்டு தடவை. முட்டி ஏறக்குறைய செங்கோணத்துல இருக்கணும். நிமிர்ந்தா அந்தச் சுத்து கணக்குல இல்ல. இடுப்புல பெல்ட் கட்டி ஒருத்தர் இழுத்துப் பிடிக்க, வளைவு நடையை (வலது காலை இடது காலுக்குக் குறுக்க வைக்கறது) ஆறு ஆறு அடியா பழகலாம். கால் பலத்துக்கு சத்துவாச்சாரிக்காரங்களுக்கு நான் வழி சொல்ல வேணாம். தொடைக் காயத்துக்கு அப்புறம் 2018 கோல்ட் கோஸ்ட்ல காமன்வெல்த் தங்கம் தூக்கின சதீஷ் சிவலிங்கம் உங்க ஊர்தான். பளு தூக்கற இடத்துல யாராவது கண்காணிக்க, வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்குவாட் போதும். வெயில் காலம்னா காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு முடிச்சிடுங்க.

ஏலகிரி போய் பழகினா லே காத்துக்குத் தயாராகலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆகாது. ஏலகிரி சுமார் 1100 மீட்டர், லே 3500. உடம்பு ரத்தத்தை மாத்திக்க அந்த உயரம் பத்தாது. சைக்கிள் மிதிக்க நல்ல மலை, அவ்வளவுதான். அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவுல ரோலர் போட்டு இறங்கற வேலை மட்டும் வேணாம்.

கால் தேறி மறுபடி ஆரம்பிக்கற முதல் வாரம் பயிற்சி அளவு பாதி. அதுக்கப்புறம் வாரத்துக்குப் பத்து சதவீதம் மாதிரி ஏத்துங்க. பாப்பாவுக்கு ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்புல இருக்குங்கற அளவு) பார்த்துடுங்க. இரும்புச்சத்து குறைஞ்ச பொண்ணு உயரத்துல போனா கடைசி ரெண்டு சுத்துல கால் கல்லாயிடும். வீட்ல அதை பயம்னு நினைச்சுப்பாங்க. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனாலும் டாக்டர்கிட்ட சொல்லணும், சாப்பாடு பத்தலங்கறதுக்கு அது அடையாளமா இருக்கலாம். இரும்பு மாத்திரை டாக்டர் கொடுத்தா டீயோட விழுங்க விடாதீங்க.

இப்ப பேசாம இருக்கறது. ஒரு வாரம் முகம் தொங்கறது இயல்பு. அமெரிக்காவோட பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ல மூணு பந்தயத்தை முடிக்கவே இல்ல. 2024 நவம்பர்ல விழுந்து வயித்துல குத்துக்காயம். திரும்பி வந்தப்புறமும், வேகமா திரும்பற ஜயண்ட் ஸ்லாலம்ல பயம் விடலன்னு வெளிப்படையா சொல்லி, அந்தப் பந்தயத்தை ஒதுக்கி வச்சிட்டு அதைவிட வேகம் குறைஞ்ச ஸ்லாலம்ல ஓடினாங்க. 2025 பிப்ரவரியில நூறாவது உலகக் கோப்பை வெற்றி ஸ்லாலம்லதான் வந்தது. உங்களுக்கும் அதேதான். ஐஸுக்குப் போற முதல் நாள் அந்தக் கடைசி வளைவை முழு வேகத்துல எடுக்கச் சொல்லாதீங்க. தனியா, பாதி வேகத்துல பத்து சுத்து. மறுநாள் முக்கால் வேகம். அப்புறம் ஒரே ஒரு ஆளுக்குப் பின்னாடி. கூட்டமா ஓடறது கடைசி. ஒரு படியில உடம்பு இறுகினா முந்தின படிக்கே இறங்கணும், திட்டக் கூடாது.

வீட்ல போட்டியைப் பத்தி அவளா பேசாம நீங்க ஆரம்பிக்காதீங்க. "எவ்ளோ செலவு பண்ணோம்"ங்கற வார்த்தை மட்டும் வாயிலேருந்து வரவே கூடாது. ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, ஃபிரெண்ட்ஸையும் ஒதுக்கறான்னா மனநல ஆலோசகரைப் பாருங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்குக் கூப்பிட்டா தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

கடைசியா அந்த அஞ்சு வாரம். பனி விளையாட்டுத் தேதியை நம்பி இருக்காதீங்க. 2025ல காஷ்மீர் குல்மார்க்ல பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா பனிப்போட்டி, பனி பத்தாம மார்ச்சுக்குப் போச்சு. உங்களுதும் தள்ளிப்போனா, போட்டிக்கு முன்னாடி அளவைக் குறைச்சுட்டு வர்றதை அப்படியே நீட்டிக்காதீங்க, உடம்பு மந்தமாயிடும். ரெண்டு வாரம் தள்ளினா எட்டு பத்து நாள் மறுபடி முழுப் பயிற்சி, கடைசி அஞ்சு நாள் அளவு பாதி, வேகம் மட்டும் குறையாம. தள்ளிப்போகல, கால் அந்த மூணு சோதனையில தேறியும் முழு வேகத்துக்கு இன்னும் வரலன்னா, 500ஐ விட்டுட்டு 1500 மட்டும் பதியுங்க. ஸ்டார்ட்ல இருக்கற தள்ளுமுள்ளு அதுல குறைவு. சோதனையிலயே தேறலன்னா பெயரை எடுத்துடுங்க. அந்த முடிவை போட்டிக்குப் பத்து நாள் முன்னாடி, பாப்பாவையும் பக்கத்துல உட்கார வச்சு எடுங்க. லேல போய் இறங்கினப்புறம் எடுக்காதீங்க.

சரி, அடுத்தது ஆரணியிலேருந்து முட்டி வலி பத்தி ஒரு கேள்வி.