கோந்தோர்சே மறுத்த இழப்பீடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோந்தோர்சே பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர், பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளர். 1781இல் ஒரு பாதிரியாரின் புனைபெயரில், கருப்பின மக்களின் அடிமைத்தனத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூல் அடிமைகளுக்கே எழுதிய கடிதமாகத் தொடங்குகிறது. 'உங்கள் நிறம் எனக்கில்லை, ஆனாலும் உங்களை எப்போதும் என் சகோதரர்களாகவே கருதி வந்தேன்' என்கிறார்.

அன்று பலரும் அடிமைகளை இரக்கத்தோடு நடத்தச் சொன்னார்கள். இவர் இரக்கம் கேட்கவில்லை. மனிதனை அடிமையாக்குவது, வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம், திருட்டைவிடக் கொடிய குற்றம் என்றார். 'போர்க் கைதிகளை வாங்கி உயிர் பிழைக்கவைக்கிறோம்' என்று வணிகர்கள் சொன்னார்கள். வாங்க ஆள் இருப்பதால்தானே அந்தப் போர்களே நடக்கின்றன என்று திருப்பிக் கேட்டார்.

என் பார்வையில் அந்த நூலின் உயிர்நாடி இழப்பீடு பற்றிய பகுதி. திருட்டுப் பொருளைத் திருப்பித் தருபவனுக்கு யாராவது பணம் கொடுப்பார்களா? அடிமையை விடுவிக்கும் முதலாளிக்கு அரசு ஒரு காசும் தர வேண்டியதில்லை. கடன்பட்டவன் முதலாளிதான், அடிமையிடம்.

இவ்வளவு உறுதியான வாதத்துக்குப் பின் அவர் தந்த திட்டம் நம்மைத் திகைக்கவைக்கிறது. அடிமை வணிகம் உடனே நிற்க வேண்டும், சரி. ஆனால் இனிப் பிறக்கும் குழந்தைக்கு 35 வயதில்தான் விடுதலை. சட்டம் வரும்போது 15 வயதுக்குள் இருப்பவருக்கு 40 வயதில். அடிமை முறை முற்றாக மறைய 70 ஆண்டு. அடக்குமுறை இம்மக்களைச் சீரழித்துவிட்டது, திடீர் விடுதலை அவர்களுக்கே தீங்காகும், பொது அமைதியும் கெடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இதை நான் ஏற்கவில்லை. ஒருவனின் 35 ஆண்டு உழைப்பைக் கூலியின்றி முதலாளியிடம் விட்டுவைப்பது இழப்பீடு அல்லாமல் வேறென்ன? முன்வாசலில் மறுத்ததைப் பின்வாசலில் கொடுத்துவிட்டார். மேலும் கரீபியனில் பிரான்ஸின் குடியேற்றமாக இருந்த சான் தொமிங்கின் கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பே அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்ததால்தான் எண்ணிக்கை குறையாமல் இருந்தது. அங்கே 40 வயது விடுதலையை எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

ஆனாலும் அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1788இல் எழுத்தாளர் பிரிசோ அடிமை முறைக்கு எதிராகத் தொடங்கிய கருப்பர்களின் நண்பர்கள் கழகத்துக்கு 1789 ஜனவரியில் தலைவரானார். அடுத்த மாதமே, நாட்டின் பிரதிநிதிகள் மன்றத்துக்கான தேர்தலுக்குக் கூடவிருந்த வாக்காளர்களிடம் அடிமைகளின் வழக்கை எடுத்துச் சொல்லும் வேண்டுகோளை எழுதினார். சான் தொமிங்கின் தோட்ட முதலாளிகள் அடிமைகளின் தலையையும் எண்ணி அந்த மன்றத்தில் கூடுதல் இடங்கள் கேட்டபோது எதிர்த்தார்.

70 ஆண்டுக் கணக்கை உடைத்தவர்கள் அடிமைகளே. 1791 ஆகஸ்டில் சான் தொமிங்கில் கிளர்ந்தெழுந்தார்கள். 1793இல் அங்கே விடுதலை அறிவிக்கப்பட்டது. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸில் புரட்சி அரசின் சட்டமன்றமான தேசிய மாமன்றம் அதைப் பிரான்ஸின் எல்லாக் குடியேற்றங்களுக்கும் விரித்தது. வயது வரம்பு இல்லை, முதலாளிக்குப் பணமும் இல்லை. அப்போது அந்தப் புரட்சி அரசின் கைது ஆணைக்குத் தப்பிப் பாரிஸில் ஒளிந்திருந்த கோந்தோர்சே, மார்ச் இறுதியில் சிறையில் இறந்தார்.

1802இல் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்தார். விடுதலை பெற்று ஹைட்டியாகிவிட்ட சான் தொமிங்கிடம் 1825இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டது, பழைய முதலாளிகளுக்குக் கொடுக்க. மற்றக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிந்தது. மறு ஆண்டே அங்கும் முதலாளிகளுக்கு இழப்பீடு தரச் சட்டம் வந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பிராங்க்கூட இல்லை.