சூம்பின கையை நீட்டச் சொன்னவர்

ஜெபம்பண்ணும்போது, ஒருவன்மேல் குறை இருந்தால் அதை மன்னியுங்கள் என்னும் மாற்கு 11:25-ஐக் குறித்து நாம் தியானித்த பிறகு ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி, இந்த வாரம் முழுவதும் என்னைவிட்டுப் போகவில்லை. தகப்பனார் மறைந்ததும் அண்ணன் தன்னை ஏமாற்றிக் குடும்ப வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்றும், பதினோரு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றும், இப்போது அந்த அண்ணன் மகளின் திருமண அழைப்பிதழ் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். “மன்னிக்க முடியாததால் வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். என்னால் முடியாது என்று தெரிந்தும் கர்த்தர் ஏன் இதைக் கட்டளையிடுகிறார்?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, நீங்கள் தனியாக இல்லை. ஒரே நாளில் ஏழுதரம் மன்னிக்கவேண்டும் என்று லூக்கா 17-ல் இயேசு சொன்னபோது, அப்போஸ்தலர்கள், “எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்” என்றார்கள். பேய்களைத் துரத்தும்படி அனுப்பப்பட்டபோது இப்படி அவர்கள் கேட்டதாக வாசிக்கிறதில்லை. மன்னிக்கச் சொன்னபோதுதான் தங்களிடம் இருக்கிற விசுவாசம் போதாது என்று அவர்களுக்குத் தோன்றியது. கர்த்தரோ கடுகுவிதையளவு இருந்தாலே போதும் என்று, இருப்பதைக் கொண்டே தொடங்கச் சொன்னார்.

இப்போது மாற்கு மூன்றாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஜெப ஆலயத்தில் சூம்பின கையையுடைய ஒரு மனுஷன் இருந்தான். அது வலதுகை என்று லூக்கா எழுதுகிறார். அவனைப் பார்த்து, “உன் கையை நீட்டு” என்று இயேசு கட்டளையிட்டார். உலகத்தில் அவனால் செய்யவே முடியாத ஒரு காரியம் இருந்தது என்றால், அது அதுதான். கையைக் குணமாக்கிவிட்டு, இனி நீட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. “அவன் நீட்டினான், அவன் கை மறுகையைப்போலச் சொஸ்தமாயிற்று” என்பதே வசனத்தின் வரிசை. அவன் நல்ல இடதுகையை எளிதாக நீட்டிக் காட்டியிருக்கலாம், ஆனால் அந்தச் சூம்பின வலதுகை அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தபடியேதான் திரும்பிப் போயிருக்கும். உங்கள் மனதைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை, சகோதரி. உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் அந்த இடதுகையாக இருக்குமோ என்று யோசித்துப் பாருங்கள். கேட்கப்பட்டது கடினமாக இருக்கும்போது, கேட்கப்படாத ஒன்றை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவது நம் எல்லோருக்கும் வழக்கம்.

யோசுவா தொடரில் நான் பலமுறை சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: இஸ்ரவேலர் கடக்கவேண்டியிருந்த, அறுப்புக்காலத்தில் கரைபுரண்டு ஓடிய யோர்தான் நதி, ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரில் பட்ட பிறகுதான் நின்றது. கட்டளைக்குக் கீழ்ப்படிய அடியெடுத்து வைக்கும் இடத்திலேதான் பெலன் காத்திருக்கிறது, அதற்கு முன்னே அல்ல.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் கடிகாரம் பழுதுபார்த்த கோரி டென் பூம் அம்மையாரின் குடும்பம், நாஜிகளிடமிருந்து யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரியில் கைதானது. எண்பத்துநான்கு வயதுத் தகப்பனார் பத்தே நாளில் மரித்தார். அக்காள் பெட்ஸி அதே ஆண்டு டிசம்பரில், கோரியும் அடைபட்டிருந்த நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் சிறைமுகாமில் மரித்தார். 1947-ல் மியூனிக் நகரத்து ஆலயமொன்றில் கோரி தேவனுடைய மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த முகாமின் காவலர்களில் ஒருவன் எதிரே வந்து, தான் இப்போது இரட்சிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினான். கோரியின் கை எழும்பவில்லை. உள்ளத்தில் அன்பின் சிறு பொறிகூட இல்லை என்று அவரே பிற்பாடு சொன்னார். இயேசுவே, எனக்கு உதவிசெய்யும் என்று மனதுக்குள் ஜெபித்தபடி, எந்த உணர்ச்சியும் இல்லாமலே கையை நீட்டினார். அன்பு அதற்குப் பிறகே வந்தது. அங்கேயும் நீட்டப்பட்டது ஒரு சூம்பின கைதான்.

என் பெரியப்பா மகனோடு நானும் ஒன்பது ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். அன்பு வரட்டும், பிறகு அழைக்கலாம் என்று காத்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் அது வரவேயில்லை. ஒரு மாலையில் கசப்போடேதான் எண்களை அழுத்தினேன். மறுபக்கத்தில் அவருடைய குரல் முதுமையடைந்து கேட்டபோது, “அண்ணா” என்ற சொல்லுக்குப் பின் எனக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

வீட்டைக் குறித்த வழக்கை விட்டுவிடவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பதும் வழக்கைத் திரும்பப் பெறுவதும் ஒன்றல்ல. பவுலும் நியாயத்துக்காக ரோமப் பேரரசனாகிய இராயனிடம் மேல்முறையீடு செய்தார். அதை ஒரு நல்ல வழக்கறிஞரோடு பேசுங்கள். “என்னால் முடியாது” என்று நீங்கள் எழுதினீர்கள். “யாருடைய பெலத்தினால்?” என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆசை; ஏனெனில் பிலிப்பியர் 2:13-ன்படி, விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே. விருப்பமே இல்லை என்றாலும் அதையும் அவரிடம் கேட்கலாம்.

திருமணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை இன்றைக்கே தீர்மானிக்க வேண்டியதில்லை. இன்றிரவு அண்ணனுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவரை மன்னிக்கிறேன் என்று கர்த்தரிடத்தில் சொல்லுங்கள், நாளைக்கும் சொல்லுங்கள். உபவாசத்தை விடவேண்டாம், அந்த வெள்ளிக்கிழமைகளை அவருடைய மகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், சகோதரி.